ஒரு நாள் முந்திய காவடி

மூன்று ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதம், காலை ஐந்து மணி பத்து நிமிடம். ஆந்திர எல்லையில் உள்ள நகரி என்ற ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் முருகன் கோயிலின் அடிவாரம். முதலில் கண்ணில் பட்டது, படிக்கட்டுக் கதவில் தொங்கிய பூட்டு. பங்குனி உத்திரத்தன்று அந்த நேரத்தில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அன்று இருந்தவை இரண்டு நாய்களும் பந்தலுக்கு இறக்கிய மூங்கில் கட்டும்தான்.

என் பக்கத்தில் மஞ்சள் வேட்டியும் மயில்தோகைக் காவடியுமாக மச்சான் நின்றார். என் மனைவியின் அண்ணன். விசைத்தறியில் வேலை பார்த்தவர். அதற்கு முந்தைய ஆண்டு தறியில் வலது கை சிக்கி, மூன்று விரல்கள் மடங்காமல் போயின. கை சரியானால் உத்திரத்தன்று காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். சரியானது. குவைத்தில் வேலையும் கிடைத்தது. அன்றிரவு சென்னையிலிருந்து விமானம். அதை விட்டால் விசா காலாவதியாகிவிடும். காவடி எடுக்காமல் விமானம் ஏறமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

டிக்கெட் போடும் முன் என்னிடம்தான் தேதி கேட்டார். நான் திருப்பதியில் ஒரு தெலுங்குப் பத்திரிகையில் செய்தி திருத்துபவன். அறைச் சுவரில் இருந்த தெலுங்கு நாட்காட்டியில் பால்குன பௌர்ணமியைப் பார்த்து, அதுதான் உத்திரம் என்று சொல்லிவிட்டேன். அந்த நாட்காட்டி திதியைக் காட்டும். எங்கள் கோயில் நட்சத்திரத்தைப் பார்க்கும். பல ஆண்டுகள் இரண்டும் ஒரே நாளில் வரும். அந்த ஆண்டு வரவில்லை. பத்திரிகையில் இருப்பவன் சொன்ன தேதி என்று வீட்டில் வேறு யாரும் சரிபார்க்கவில்லை.

பந்தல் போட வந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “நாளைக்கி வர்ற கூட்டத்துக்கு இன்னிக்கே எடம் புடிச்சிக்கினு நிக்கிறீங்களா?”

மச்சான் என் பக்கம் திரும்பினார். “இன்னா மாப்ள, பேப்பர்ல இருந்துக்கினு நாள மாத்திச் சொல்லிட்டியே.” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டீக்கடையில் தொங்கிய தமிழ் நாட்காட்டி நாளை என்றது. என் கைபேசி இன்று என்றது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பஞ்சாங்கம், இன்று பிற்பகலிலிருந்து நாளை பிற்பகல் வரை என்றது. மூன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது.

ஏழு மணிக்குக் குருக்கள் வந்தார். இரண்டேகாலுக்கு உத்திரம் பிறக்கிறது, ஆனால் சூரியன் உதிக்கும்போது நட்சத்திரம் இருக்கும் நாள்தான் விழா நாள், அது நாளைதான் என்றார். அப்படியானால் இன்று பிற்பகலில் எடுப்பது உத்திரக் காவடியா, இல்லையா என்று கேட்டேன். எடுக்கக் கூடாது என்று தான் எங்கும் படித்ததில்லை, எடுக்கலாம் என்றும் படித்ததில்லை என்றார்.

“அப்போ ரெண்டேகாலுக்கு எடுக்கறேன் சாமி. நாலு மணிக்குக் கார் வருது,” என்றார் மச்சான்.

விழா நாளில் தண்ணீர் லாரி சாலையை நனைத்துக்கொண்டே முன்னால் போகும். அன்று மேளமும் இல்லை, லாரியும் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து இரண்டேகாலுக்குப் புறப்பட்டோம்; குன்றுவரை தார்ச்சாலை கொதித்தது. நான் ஒரு குடத்திலிருந்து அவர் காலடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் குடம் காலியானது. சாலையோரம் கரும்புச்சாறு விற்ற பெண், வண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தன் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். விழா நாளைக்குத்தான், நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் விளக்க ஆரம்பித்தேன்.

“அந்தக் கதெல்லாம் அப்பறம் சூஸ்குந்தாம் நைனா. அவுருக்கு காலு வேவுது, நவுரு.” பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாதித் தெலுங்கில் சொல்லி என்னை விலக்கினார்.

படிக்கட்டுவரை ஊற்றிவிட்டு, காலிக் கேனோடு திரும்பிப் போனார். மேலே, எங்கள் இருவரை மட்டும் வைத்து, குருக்கள் பாலாபிஷேகம் செய்தார். நாலு மணிக்குக் கார் கிளம்பியது. தான் செய்தது கணக்கில் சேருமா என்று மச்சான் கேட்கவில்லை. எனக்குத்தான் அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி.

மறுநாள் காலை நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். கால் வைக்க இடமில்லை. காவடி எடுத்தவர்களின் பெயர்களைக் குருக்கள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் தலைப்பில் விழா நாளான அன்றைய தேதி இருந்தது. அதன் கீழே, முதல் பெயர் மச்சானுடையது.