கோடு அக்காவின் ஐந்து மார்க்

அந்தப் பயணப்பெட்டிக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பணம் முதலாளியம்மாவுடையது, கோடு மட்டும் அக்காவுடையது என்று. கோடு என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு விரல் அகலத்தில் சிவப்பு டேப், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிரிவும் 'இதைச் செய்யப்போகிறோம், பணம் வேண்டும்' என்று எழுதித் தரும் திட்டங்களை அவள் ஒன்றுக்கு ஓர் அட்டையாக எழுதி, மார்க் வரிசைப்படி மீட்டிங் அறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒட்டுவாள். கம்பெனியின் பணம் எந்த அட்டையோடு தீருகிறதோ அதற்கடியில் டேப் விழும். மேலே இருப்பவர்களுக்கு யோகம். கீழே இருப்பவர்கள் அடுத்த ஆறு மாசம் அவளைப் பார்த்தால் சிரிக்கவே மாட்டார்கள்.

டைப்பிஸ்டாக வந்தவள் அவள். அப்போதெல்லாம் யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்குத்தான் பணம். அப்படிச் சத்தம் போட்டு வாங்கிய பெயின்ட் அடிக்கும் இயந்திரம் பாதியில் நின்றுபோய், பின்வாசலில் இரண்டு வருஷம் புறாக்களுக்கு வீடாக இருந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எல்லாவற்றையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். முதலாளியம்மா வந்து பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

மார்க் மொத்தம் நூறு. எழுபது, ஏழு பிரிவுத் தலைவர்கள் ஆளுக்குப் பத்தாகப் போடுவது. மீதி முப்பது அவள் கையில். முதலாளியம்மா அறிவித்த குறிக்கோள்களோடு திட்டம் எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்துப் போடுவாள். இந்த வருஷம் மூன்று குறிக்கோள்கள்: திரும்பி வரும் பெட்டிகள் பாதியாகக் குறைய வேண்டும், ஆர்டர் வந்த நான்காம் நாள் சரக்கு போய்ச் சேர வேண்டும், பட்டறையில் யார் விரலும் நசுங்கக்கூடாது. அறிவித்த மறுநாளே எல்லாத் திட்டமும் அதற்கேற்ற சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். கேன்டீனுக்குப் புது நாற்காலி கேட்டவர், வசதியாக உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு விரல் நசுங்காது என்று எழுதியிருந்தார். அவள் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு ஒரு மார்க் போட்டாள். அது சிரிப்புக்காக.

இந்தப் பழக்கம் வீட்டையும் விடவில்லை. ஃப்ரிட்ஜ் கதவிலும் அட்டைகளும் ஒரு டேப்பும் இருக்கின்றன. வீட்டின் குறிக்கோள்கள், காலையில் யாரும் கத்தாமல் கிளம்ப வேண்டும், எந்தக் குழாயும் ஒழுகக்கூடாது. கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். தினமும் பத்துப் பேர் அவரைச் சுவரில் கொண்டுபோய் மோதப் பார்த்தும் பதறாத மனுஷர். அவருக்கு ஒரே ஆசை, ஒரு மீன்தொட்டி. நான்கு வருஷமாக அது டேப்புக்குக் கீழேதான். மீன் கத்தாது, ஆகவே முதல் குறிக்கோளுக்குப் பொருந்தும் என்று இந்த முறை வாதாடினார். அந்த வாதத்துக்கு இரண்டு மார்க் கிடைத்தது. மகள், அப்பா பாவம் என்றாள். பாவத்துக்கு மார்க் இல்லை என்று சொல்லிவிட்டாள் அக்கா.

இவ்வளவு கறாரான அவள் இந்த வருஷம் ஒரு காரியம் செய்தாள். தானே ஒரு திட்டம் எழுதினாள். திரும்பி வந்த பெட்டிகள் கிடக்கும் அறைக்கு ஏதோ கணக்கெடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கூரை முட்ட அடுக்கியிருந்தன. ஒன்றில்கூடக் கீறல் கிடையாது, ஒவ்வொன்றிலும் ஒரு சக்கரம் மட்டும் இல்லை. சக்கரத்தை ஆணி அடித்துப் பொருத்துவதால், ஒன்று உடைந்தால் முழுப் பெட்டியையும் மாற்றித்தர வேண்டியிருந்தது. திருகிக் கழற்றும் சக்கரமாக இருந்தால் ஒரு தபால் உறையில் அனுப்பிவிடலாமே என்று தோன்றியதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்பேர் மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் மூன்றே நாளில் ஒரு மாதிரி செய்து அவள் மேஜையில் உருட்டிவிட்டார்.

அட்டைகளில் யார் பெயரும் இருக்கக்கூடாது என்பது அவள் வைத்த விதி. ஆகவே சக்கரம் யாருடையது என்று மேஸ்திரியைத் தவிர யாருக்கும் தெரியாது. தலைவர்கள் நாற்பத்தாறு போட்டார்கள். குறிக்கோளுக்கு அவள் முப்பது போட வேண்டும், போடவும் போட்டாள். பிறகு, நம் திட்டத்துக்கு நாமே முழுசாகப் போட்டால் நன்றாகவா இருக்கும் என்று கூச்சப்பட்டு, அதை அடித்து இருபத்தைந்து ஆக்கினாள். மொத்தம் எழுபத்தொன்று.

பெயரில்லாத இன்னொரு அட்டை யாருடையது என்று மட்டும் ஊருக்கே தெரியும். கம்பெனிக் கூரை மேல் பஸ் அளவுக்கு ஒரு பெட்டி வைக்க வேண்டுமாம், ராத்திரியில் விளக்கெரியுமாம். ஒரு மாசமாக முதலாளியம்மா அளவு டேப்போடு கூரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். தலைவர்கள் ஏழு பேரும் எழுபதுக்கு எழுபது போட்டார்கள். குறிக்கோளுக்கு சைபர் போட வேண்டிய அக்கா, மூன்று போட்டாள். மொத்தம் எழுபத்துமூன்று.

மீட்டிங் அன்று காலை அட்டைகளை ஒட்டியபோதுதான் அவள் வரிசையைக் கவனித்தாள். பணம் ஏழாவது அட்டையோடு தீர்கிறது. ஏழாவது, கூரைப் பெட்டி. எட்டாவது, சக்கரம்.

டேப்பை ஒட்டுமுன் கோட்டின் இருபக்கத்து அட்டைகளையும் வாய்விட்டுப் படித்து, 'இது எந்தக் குறிக்கோளுக்கு?' என்று கேட்க வேண்டும். அதுவும் அவள் வைத்த விதிதான். கேட்காமல் டேப்பை ஒட்டினால் சக்கரம் போச்சு. கேட்டால், தன் அட்டைக்காக முதலாளியம்மாவின் அட்டையைத் தள்ளியவள் ஆவாள். பதினோரு வருஷமாகச் சேர்த்த நல்ல பெயர் போய்விடும். டேப் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

கேட்டாள்.

எல்லோரும் முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் விற்பனைத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கூரையில் பெட்டி இருந்தால் லாரிக்காரர்கள் இடத்தைச் சட்டென்று கண்டுபிடிப்பார்கள், சரக்கு நாலு நாளில் போய்விடும் என்றார். லாரிகளைப் பார்த்துக்கொள்பவர், தன் டிரைவர்கள் பதினைந்து வருஷமாகத் தினமும் இங்கேதான் வருகிறார்கள், இன்னும் ஒருவரும் தொலைந்துபோகவில்லை என்று அப்பாவியாகச் சொன்னார். யாரோ அடக்கிய சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

அக்காவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"அந்த மூணு மார்க் நான் பயந்துபோய்ப் போட்டதும்மா. அதுக்கு சைபர்தான் போட்டிருக்கணும். கீழ இருக்கற சக்கரம் என்னோடது. அதனால நான் சொல்றத அப்படியே எடுத்துக்க வேண்டாம். நான் வெளிய போறேன், நீங்களே மறுபடியும் போடுங்க."

மார்க் காகிதங்களை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடிக் கதவு, உள்ளே பேசுவது ஒன்றும் கேட்காது. தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று, தாகமே இல்லாமல் நான்கு டம்ளர் குடித்தாள். உள்ளே முதலாளியம்மா எழுந்து, கூரைப் பெட்டியைச் சுவரிலிருந்து பிய்த்து, குனிந்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டினார். பிறகு சக்கரத்தையும் பிய்த்தார். அக்காவுக்குப் பகீரென்றது. வேலையும் போச்சு என்றே நினைத்தாள். அட்டை கைமாறிக் கைமாறிப் போனது. மேஸ்திரியை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் பையிலிருந்து சக்கரத்தை எடுத்து மேஜையில் உருட்ட, அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி முதலாளியம்மாவின் மடியில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அட்டை சுவருக்குத் திரும்பியது. ஏழாவது இடத்தில் நிற்கவில்லை. ஐந்து, நான்கு, மூன்று என்று நகர்ந்து, இரண்டாவது இடத்தில் ஒட்டியது. அக்கா ஐந்தாவது டம்ளரைச் சேலைமேல் கொட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்தது முதலாளியம்மாவேதான். கையில் அந்த மார்க் காகிதம்.

"உன் அட்டைக்கு முப்பத ஏன் அடிச்சே?"

கூச்சமாக இருந்தது என்றாள் அக்கா.

"எனக்குப் பயந்து மூணு, கூச்சப்பட்டு அஞ்சு. மொத்தம் எட்டு மார்க் தப்புப் போட்டிருக்கே. அடுத்த வருஷமும் கூரைப் பெட்டிய எழுதுவேன். நீயும் இதே மாதிரி கேக்கணும்."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவளுக்குச் சும்மா சும்மா சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்காரி நகர்ந்து உட்கார்ந்தாள். அக்கா அதற்கும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃப்ரிட்ஜ் முன் போய் நின்று, டேப்பைப் பிய்த்து, மீன்தொட்டி அட்டைக்கு அடியில் ஒட்டினாள். சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த கணவர் ஃப்ரிட்ஜையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எந்தக் குறிக்கோளுக்கு?" என்றார், அவளுடைய குரலிலேயே.

"எனக்கு நானே அஞ்சு மார்க் குறைச்சு வெச்சிருந்தேன். மிச்சம் இருந்துச்சு, உங்களுக்குப் போட்டுட்டேன்."

எத்தனை பேர் மோதப் பார்த்தும் பதறாத மனுஷர், கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார்.