எண்பது கட்டத்துக்குள் ஒரு பாட்டு

பாட்டு கேட்டால் மனசு அமைதியாகும் என்று சொல்பவர்கள் யாரும் பாட்டை எண்ணாக எழுதிப் பிழைத்ததில்லை. நான் பிழைத்திருக்கிறேன். எழுபதுகளில், போர்ட் பிளேரில், மூன்று வருஷம்.

சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. தீவுகளில் குடியேறியவர்களின் பாட்டுகளை அதற்குள் போட்டு, ஊர் மாறினால் மெட்டு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது அங்கிருந்த டாக்டர் ஒருவரின் திட்டம். ஊசி போடாத டாக்டர். இங்கே டெலானிபூர் மேட்டில் எங்களுக்கு ஓர் அறை. அதில் பொறுப்பாளர் கோபாலன் சார், நான், ஒரு டேப் ரிக்கார்டர். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவள் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பாடுகிறவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்து, ஒவ்வொரு சுரத்தையும் ஓர் எண்ணாக்கி, வரிக்கு எண்பது கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, கப்பலில் அனுப்ப வேண்டும். அங்கே அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு எந்திரத்துக்குக் கொடுப்பார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் எந்திரம் முழுப் பாட்டையும் துப்பிவிடும். செல்போனில் படிவம் நிரப்பி, கடைசியில் சிவப்பு எழுத்தைப் பார்த்து நொந்துபோகிறவர்களே, நான் உங்களுக்கு முன்னாலேயே நொந்தவள்.

பட்டா

முதல் வாரம் சிப்பிகாட் பண்ணைக்குப் போனேன். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நான் தாளை விரித்ததுமே வாயை மூடிக்கொண்டார்கள். கட்டம் போட்ட தாள், காதில் பென்சில், மேட்டு ஆபீஸ். நிலம் அளக்க வந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வரப்பிலேயே நின்று மத்தியானம் வரைக்கும் விளக்கினேன். பாட்டு மட்டும்தான் வேண்டும், எண்கள் பாட்டுக்காகத்தான், நிலத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

கடைசியில் ஒருத்தி மட்டும் சேற்றுக் கையோடு கிட்டே வந்து, தாளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப இனிமே பாட்டுக்கும் பட்டா குடுக்கப் போறாங்களா? அப்படின்னா என் மாமியா பாட்டையும் என் பேர்லயே எழுதிக்க."

இருமல்

மின்னி பே குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர் சூசை மாமா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிக்காரர். வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டை எனக்காக உட்கார்ந்து பாடினார். அப்போது அவருக்கு நல்ல இருமல். மூன்றாவது இழுப்பு வரும்போதெல்லாம் ஓர் இருமல் வந்தது. குரல் நிற்கிற இடத்தில் பூஜ்யம் போட வேண்டும் என்பது விதி. போட்டு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரிடமிருந்து ஆனந்தமாக ஒரு கடிதம். கடலோரப் பாட்டில் இதுவரை யாரும் கவனிக்காத தாள இடைவெளியைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கிறதாம். உடனே இன்னொரு பதிவு வேண்டுமாம். சூசை மாமா வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் மாமாவுக்கு இருமல் சுத்தமாகக் குணமாகிவிட்டது. பாட்டில் இடைவெளியும் இல்லை. உண்மையை எழுதினால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாடுறீங்களா மாமா?" என்று கேட்டே விட்டேன்.

"இருமுனப்ப ஒரு ஆளும் வந்து எட்டிப் பாக்கல. இப்ப வந்து இருமச் சொல்லுதியே மேரி, ஒனக்கே நல்லா இருக்கா?"

நடை

என் வேலை மூன்று மாத வேலை. ஒவ்வொரு மூன்று மாதமும் நீட்டிப்பு உத்தரவு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். உத்தரவு, பிழைப் பட்டியல், புது டேப், எல்லாமே கப்பல்தான். மழைக்காலத்தில் அது எப்போது வரும் என்று துறைமுகத்துக்கே தெரியாது. நான் எழுதுவதை விட்டுவிட்டு ஜன்னலுக்கும் நாற்காலிக்குமாக நடப்பேன். மேட்டிலிருந்து கடல் தெரியும். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாது. கோயிலில் பூசைப் பாட்டு வாசிக்கும்போதுகூட மனம் மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணிக்கொண்டிருந்தது. சாமியார் பிரசங்கம் செய்தால் எண்பதாவது எழுத்தில் வரி முடிகிறதா என்று பார்ப்பேன்.

கோபாலன் சார் தஞ்சாவூர்க்காரர். கீர்த்தனை தவிர மற்றதெல்லாம் சத்தம் என்பது அவர் கட்சி. தலையை நிமிர்த்தாமல் பென்சில் சீவிக்கொண்டே சொல்வார்: "நீ எட்டிப் பாக்கறதுக்காகக் கப்பல் வேகமா வராது. உக்காரு மேரி, நீ நடக்கறதுல எனக்குத் தாளம் தப்பறது."

பேர் வருகிற இடம்

காட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து செல்லம்மா என்ற பெண், புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போர்ட் பிளேருக்கு வந்திருந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரண்டு நாட்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவள். வார்டு வராந்தாவில் உட்கார்ந்து ஒரு தாலாட்டு பாடினாள். ஆறாவது வரியில் ஒரே ஒரு சுரம் இரண்டு எண்களுக்கு நடுவில் வழுக்கி விழுந்தது. திரும்பப் பாடச் சொன்னேன். வேறு மாதிரி விழுந்தது. மூன்றாம் முறை இன்னொரு மாதிரி. "எதைச் சரின்னு எழுதட்டும்?" என்று கேட்டேன். அந்த இடத்தில் மகள் பேர் வருகிறது என்றாள். மகளுக்குச் சிலோன் குடியுரிமை. கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டாள். "பேரு வந்தா தொண்டை நிக்க மாட்டேங்குது. ஒங்க மெசினுக்குப் புள்ளகுட்டி இருக்கா டீச்சர்?"

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். பாட்டு திரும்பி வந்தது. பக்கத்து எண்ணைப் போட்டு அனுப்பவும், இல்லையென்றால் பாட்டை நீக்கிவிட்டு டேப்பை அழித்து அடுத்ததற்குப் பயன்படுத்தவும் என்று டாக்டர் எழுதியிருந்தார். எங்களுக்கு டேப் பஞ்சம். எண்ணாக்கிய எல்லாப் பாட்டையும் இப்படித்தான் அழித்துக்கொண்டிருந்தோம். அதற்கு முன் ஒருநாளும் எனக்கு அது உறுத்தவில்லை. இந்த டேப்பை மட்டும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போய், துணிப்பெட்டியின் அடியில் வைத்தேன். அந்தக் கட்டத்தில் எண்ணும் போடவில்லை. திருட்டுத்தான்.

மாதக் கடைசியில் கோபாலன் சார் டேப்புகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பதிவேட்டில் 'பூஞ்சை பிடித்து வீணானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகிப் பேனாவைச் சட்டையில் செருகிக்கொண்டு சொன்னார்: "அந்த ஆறாவது வரிய நானும் கேட்டேன். அதுக்கு எங்க சங்கீதத்துலயும் நம்பர் கிடையாது."

யாருடைய பாட்டு

பிறகு எங்கள் எண்களையெல்லாம் கலந்து கம்ப்யூட்டரே ஒரு மெட்டு போட்டுவிட்டது. இதை வாசித்துக் காட்டி, யாருடைய பாட்டு என்று மக்களைக் கேட்டு எழுதவும் என்று உத்தரவு. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தேன். தமிழர்கள் வங்காளிப் பாட்டு என்றார்கள். வங்காளிகள் தெலுங்குப் பாட்டு என்றார்கள். தெலுங்கர்கள் கேரளத்தைக் கை காட்டினார்கள். மலையாளி ஒருவர் ரொம்ப யோசித்து, ஏதோ பள்ளிக்கூட மணி மாதிரி இருக்கிறது என்றார்.

பஜாரில் டீக்கடை வைத்திருந்த வங்காளி ஒருவர் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பாட்டு சரிதான், இதற்குச் சொந்த ஊர் எது என்று எங்கள் தீவு இந்தியில் கேட்டார்: "கானா தோ டீக் ஹை தீதி, இஸ்கா முலுக் கஹாங் ஹை?"

ஒன்றும் ஏழும்

நாலாவது வருஷம் நீட்டிப்பு வரவில்லை. திட்டம் முடிந்தது என்று ஒற்றை வரிக் கடிதம் மட்டும் வந்தது. அடுத்த கோடையில் உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, அத்தனை நாள் என்னைத் திட்டிய எந்திரத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நேரே அந்த நிலையத்துக்குப் போய் நின்றேன். டாக்டர் வெளிநாடு போய்விட்டாராம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏ.சி. குளிரில் நடுங்கிக்கொண்டே உள்ளே போனேன். பீரோக்களை வரிசையாக நிறுத்தினது மாதிரி இருந்தது. பாடுவதற்கான அறிகுறி ஒன்றும் இல்லை.

அட்டையில் துளை போடுகிற பெண் பக்கத்து அறையில் இருந்தாள். என் வயதுதான். ஊரைச் சொன்னதும் முகம் மலர்ந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தமான் மேரி நீங்கதானா! உங்க ஒண்ணும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும். தெரியாத இடத்துலல்லாம் எனக்குப் பிடிச்சதைப் போட்டுடுவேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

இசை ஆராய்ச்சி என்று நான் பார்த்த வேலை இவ்வளவுதான்: பாடத் தெரிந்தவர்களுக்கும் கேட்கத் தெரியாததற்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டது.