பதினான்காம் நம்பர் டின்

மாண்டவி ஆற்றில் ஃபெரி ஓட்டுகிற கார்டோசோவின் மகள் ஃபிலோமினா என்கிற ஃபிலு. நடக்கப் பழகியதே ஃபெரித் தளத்தில்தான். கடற்படையில் லெப்டினென்ட் ஆகி, உலகைச் சுற்றப்போகும் பாய்மரப் படகுக்காக மூன்று வருடம் பயிற்சி எடுத்தாள். போகவேண்டியவர்கள் ஆறு பெண்கள். ஃபிலு ஏழாவது. யாருக்காவது முடியாமல் போனால் பார்க்கலாம் என்று கரையில் நிறுத்திவிட்டார்கள்.

ஆறாவது இடம் ஹிமானி பிஷ்ட்டுக்குப் போனது. வடக்கே பித்தோராகர் மலைக்காரி. இருபது வயதுவரை கடலைக் கண்ணால் பார்க்காதவள், முதல் ஆறு மாதம் வாந்தியெடுத்தே காலம் தள்ளியவள். அப்போதெல்லாம் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தது ஃபிலுதான். அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. யாருக்குத்தான் எரியாது?

"மலையாட்டுக்கு சுக்கான், எம் பொண்ணுக்கு மூட்டை தூக்கற வேலையா?" என்று அப்பா வேறு எரிகிறதில் எண்ணெய் ஊற்றினார்.

மூட்டை வேலையேதான். படகில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றுவது ஃபிலுவின் பொறுப்பு. டின்களில் ஒட்டியிருக்கும் காகிதத்தை முதலில் உரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஈரத்தில் கழன்று, தண்ணீரை வெளியேற்றும் பம்பை அடைத்துவிடும். பிறகு டின் மேல் பெயின்ட்டால் நம்பர் போட்டு, எந்த நம்பர் எந்த அலமாரியில் என்று நோட்டில் எழுத வேண்டும். பதினான்கு என்றால் ராஜ்மா. ராஜ்மா இல்லாமல் ஹிமானிக்குச் சோறு இறங்காது. முப்பது ராஜ்மா டின்களையும் படகின் முன்குழியில், உபரிப் பாய்களுக்கு அடியில் திணித்துவிட்டு, நோட்டில் 'சமையலறை, இடது அலமாரி' என்று எழுதினாள். தெரிந்தேதான் எழுதினாள்.

மறுநாள் தேங்காய் உடைத்து, பேண்டு வாசித்துப் படகை அனுப்பினார்கள். கரையில் நின்று கயிற்றை அவிழ்த்துவிட்டவள் ஃபிலு. சிரித்த முகமாக நிற்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் மாதம் படகு நியூசிலாந்தின் லிட்டல்டன் துறைமுகத்தில் நின்றபோது செய்தி வந்தது. ஹிமானிக்கு மணிக்கட்டில் அடி. பையைத் தயாராக வைத்துக்கொள் என்றார், கரையிலிருந்து பயணத்தைக் கவனித்துக்கொண்ட கமாண்டர் போசலே. அரை மணி நேரத்தில் பை தயார். சாயங்காலம் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினாள். ஹிமானிக்குக் குணமாக வேண்டும் என்று தொடங்கிய ஜெபம் பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கை தேறிவிடக் கூடாதே என்றுதான் மனம் உள்ளே வேண்டிக்கொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டுவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் ஆபீஸ் போனில் ஹிமானியே வந்தாள். கசிவு எங்கே என்று தேடி முன்குழியைக் கிளறினார்களாம், பதினான்காம் நம்பர் கிடைத்ததாம். சமையலறை அலமாரியில் உப்புத்தண்ணீர் புகுந்து மற்ற டின்களெல்லாம் துருப்பிடித்துக் கிடக்க, இது மட்டும் புதுசு போல இருந்ததாம். ஆறு பேரும் வயிறார ராஜ்மா சோறு சாப்பிட்டார்களாம்.

"எனக்காகத்தான் பத்திரமா வெச்சியா ஃபிலு?"

ஆமாம் என்றால் தீர்ந்தது.

"இல்ல. உனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சேன்."



"நானும் ஒண்ணு ஒளிச்சிருக்கேன்" என்றாள் ஹிமானி. "வெறும் சுளுக்குதான். ஆனா நல்லா வலிக்குது. வலிக்கலன்னு டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன். ரெஸ்ட் குடுத்தா உன்னக் கூப்பிட்டுருவாங்க. நீ ஒரு தடவ சுக்கானப் பிடிச்சிட்டா, அப்புறம் என்னை யாரு தேடுவா?"

ஃபிலுவுக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. உலகத்தையே சுற்றுகிறவளுக்கு, கரையில் நிற்கிற தன்னைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது! மூன்று மாதத்தில் அவள் கேட்ட முதல் நல்ல செய்தி அதுதான்.

போனை வைத்ததும் கமாண்டர் கேட்டார், "கை எப்படி இருக்காம்?"

வலிக்கிறது என்று சொல்லி நிறுத்தினால் போதும், இடம் ஃபிலுவுக்குத்தான். பை காலடியிலேயே இருந்தது.

"வலிக்குதாம் சார். படகு கிளம்ப இன்னும் பத்து நாள் இருக்கே. அதுவரைக்கும் கயித்தத் தொடாம இருக்கச் சொல்லுங்க, சரியாயிரும்."

"அப்ப நீ போகலையா?"

"ஆறாவது ஆளு அவதான சார்."

பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஃபெரி ஏறினாள். எப்போது பயணம் என்று அப்பா கேட்டபோது ஃபெரியின் கயிற்றை அவிழ்க்கப் போனாள். வீட்டுக்கு வந்து பையை அவிழ்க்க மனம் வரவில்லை. ஹிமானியின் கை தேறி, படகு லிட்டல்டனை விட்டுக் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த நாள்வரை, அது கட்டினபடியே கட்டிலுக்கு அடியில் இருந்தது.