துபாயில் வாங்கிய சத்தம்

எங்கள் தெருவில் சவுண்டு சமாச்சாரம் என்றால் நான் சொன்னதுதான் முடிவு. அம்மன் கோவில் பொங்கலுக்கு மைக் செட் போடும் வீரணன், ஒயரெல்லாம் இழுத்து முடித்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பான். நான் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்பேன். "தெளிவு பத்தலையேப்பா" என்பேன். அவன் ஏற்றுவான். நான் உதட்டைப் பிதுக்குவேன். அவன் இன்னும் ஏற்றுவான். பக்கத்து வீட்டுத் தகரக் கூரை அதிர ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் திருப்தி வரும். கோவில் கமிட்டியில் ஒருத்தரும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. என் ஞானத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் பாண்டீஸ்வரன். அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு தறிக்கொட்டகைக்குள் நுழைந்தவன், இன்னும் வெளியே வரவில்லை. தறி ஓடும்போது காதுக்குள் வந்து கத்தினாலும் ஒன்றும் எட்டாது. அதனால் நாங்கள் வாயை அகலமாக அசைத்து, கைச்சாடை காட்டித்தான் பேசிக்கொள்வோம். நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாம் வாயசைவுதான். வீட்டுக்குப் போனால் மட்டும் சத்தம் போட்டுப் பேசுவோம். டிவியும் தெருமுனை வரைக்கும் கேட்கும். தெருவே அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியாது.

எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எந்தப் பொருளையும் பக்கத்தில் கிடைக்கிற இடத்தில் வாங்க மாட்டேன். பருப்பு விருதுநகரில், மிக்ஸி மதுரையில், செருப்பு திருச்சுழிச் சந்தையில். பஸ் டிக்கெட்டும் வழியில் தின்ற பரோட்டாவும் என் கணக்கில் ஒருநாளும் சேராது. மிச்சம் பிடித்த தொகையை மட்டும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்வேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே மகள். செல்வலட்சுமி மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள், பாடுவாள். தீபாவளி கழிந்ததும் கல்லூரிகளுக்கு இடையே பெரிய பாட்டுப் போட்டி. அதற்காகத் தினமும் பாடிப் பழகி, செல்போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புவாள். "எங்க பிசகுதுன்னு சொல்லுப்பா, நீதான் கண்டுபிடிப்ப" என்பாள். எனக்கு அது மூடிய அண்டாவுக்குள் யாரோ பாடுவது போலக் கேட்கும். "நல்லாருக்குத்தா" என்பேன். ஒருநாள் அவள், "போப்பா, எது அனுப்புனாலும் இதையேதான் சொல்ற. நீ கேக்குறதே இல்ல" என்று போனை வைத்துவிட்டாள். பிள்ளை பாடுவதைச் சரியாகக் கேட்க வேண்டும், கேட்டு ஒரு குறையாவது சொல்ல வேண்டும். அதற்கு நல்ல செட்டு ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

"எங்க வழியில வந்த குரலு. வீணாப் போக விட்ருவேனா?" என்று மனைவி தங்கலட்சுமியிடம் சொன்னேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு என்னவோ முனகினாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே பழக்கம் அதுதான். "வாய்க்குள்ளயே முனங்காத" என்று அன்றைக்கும் ஒரு சத்தம் போட்டேன்.

மதுரைக் கடையில் ஆம்ப்ளிபயரும் ஜோடி ஸ்பீக்கரும் விலை கேட்டபோது தலை சுற்றியது. நேரே முஸாஃபருக்குப் போன் போட்டேன். முஸாஃபர் பக்கத்து ஊரான வீரசோழன்காரன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு. துபாயில் மளிகைக் குடோனில் வேலை பார்க்கிறான்.

"மாப்ள, இங்க பாதி வெலதான். ஆனா கல்லுக் கணக்கா வெயிட்டு இருக்குடா. ரிப்பேருன்னா யாரு பாப்பா? பேசாம மதுரையிலயே வாங்கிரு" என்றான்.

"ஏலே, பாதி வெலன்னு நீயே சொல்ற, பெறகென்ன? லீவுக்கு வரும்போது தூக்கிட்டு வா."

அவன் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டி எடை மீறவே, மனைவி பௌசியாவுக்கு வாங்கியிருந்த போர்வையை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் என் ஸ்பீக்கரைத் திணித்திருக்கிறான். அப்படியும் ஒரு ஸ்பீக்கருக்குத்தான் இடம். இன்னொன்றை, அடுத்து ஊருக்கு வரவிருந்த அவன் ஊர்க்காரர் அப்துல் வாஹித் கையில் கொடுத்துவிட ஏற்பாடு. விமான நிலையத்தில் சுங்கவரி கட்டினேன். அவனைக் கூட்டிவரக் கார் பிடித்தேன். கார்க்காரனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிளக்கில் சதுரக் கால்கள், எங்கள் வீட்டுச் சுவரில் வட்ட ஓட்டைகள். அதற்கொரு அடாப்டர் வாங்கினேன். இவ்வளவுக்குப் பிறகும் மிச்சம் பிடித்துவிட்டதாகத்தான் தெருவில் சொல்லிக்கொண்டேன்.

ஒற்றை ஸ்பீக்கரில் மகள் பாட்டைப் போட்டேன். அதே அண்டா. அண்டாதான் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. "ஜோடி சேரட்டும், பெறகு பாருங்க" என்று கூடியிருந்தவர்களுக்குச் சமாதானம் சொன்னேன். தீபாவளி நெருங்கும்போது வாஹித் ஊருக்கு வந்தார். நானே வீரசோழனுக்குப் போய், இரண்டாவது ஸ்பீக்கரைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.

ஜோடி சேர்ந்தது. ஆனால் பாட்டு தெளியவில்லை. எல்லாத் திருகையும் திருகிப் பார்த்தேன். தெளிவு மட்டும் எந்தத் திருகிலும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்து, "டூப்ளிகேட்ட என் தலையில கட்டிட்டான் துபாய்க்காரன். கூடப் படிச்சவன்னு நம்புனேன் பாருங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னேன். அது திருச்சுழி தாண்டி வீரசோழன் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸிலேயே முஸாஃபர் வந்து இறங்கினான். போட்டிக்கு முந்தைய வாரம் என்பதால் செல்வலட்சுமியும் வீட்டில் இருந்தாள். அவன் என்னிடம் சண்டை போடவில்லை. "பாட்டப் போடு" என்றான், அவ்வளவுதான்.

போட்டேன். மகளின் பாட்டு ஓடியது. முஸாஃபர் கண்ணை விரித்து என்னைப் பார்த்தான். செல்வலட்சுமி துள்ளிக் குதித்து, "அப்பா! ஹாஸ்டல் ஜன்னல்ல அணிலு கத்துறது கூடக் கேக்குதுப்பா. எம்புட்டுத் தெளிவு!" என்றாள்.

"எந்த அணிலு?" என்றேன்.

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். முஸாஃபரும் அவளும் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். தங்கலட்சுமி காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள்.

"மாப்ள," முஸாஃபர் என் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக வந்து சொன்னான், "தங்கச்சி ஒன்னைய மூணு தடவ கூப்புட்ருச்சு."

நான் தங்கலட்சுமியைப் பார்த்தேன். அவள் அவனிடம்தான் பேசினாள். "எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்ணே. இவுகட்ட எதுனாலும் எதுத்தாப்புல நின்னு, வாய நல்லா அசைச்சுத்தான் பேசுவேன். தறியில பேசுவாகள்ல, அதே மாதிரி."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"சொன்னேங்க. முனங்காதன்னீக."

கடல் தாண்டிக் கொண்டுவந்த செட்டு அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது. கோளாறு அருப்புக்கோட்டையிலேயே செய்த சரக்கில் இருந்தது. முஸாஃபரின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கடா" என்றேன். "அத டீக்கடையில வந்து சொல்லு" என்றான். கூட்டிப் போய்ச் சொன்னேன். காப்பிக்குக் காசையும் நானே கொடுத்தேன். நான் காசு கொடுத்து அவன் பார்ப்பது அதுவே முதல்முறை என்று கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னான். எனக்கும் கேட்க வேண்டுமே!

மதுரையில் காது டாக்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். தறிச்சத்தம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது, மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது, மிஷின் மாட்டினால் மிச்சத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்றார். விலையைச் சொன்னார். நான் வெளியே வந்து முஸாஃபருக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, காது மிஷின் துபாய்ல என்ன வெல இருக்கும்?"

"ஏலே, வச்சிருவேன் ஒண்ணு. ஒங்காதுக்குத்தான அளவெடுத்து மாட்டணும்? காத மட்டும் கழட்டிக் குடு, கொண்டுபோறேன்" என்றான்.

பேரம் பேசாமல் நான் வாங்கிய முதல் பொருள் அந்த மிஷின்தான். பஸ்ஸில் வரும்போதே உலகம் தாறுமாறாக இரைந்தது. என் சட்டைக்குக்கூடச் சத்தம் இருந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே யாரோ பாடுவது கேட்டது. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். செட்டை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்று முன்னறையில் எட்டிப் பார்த்தேன். செட்டு அணைந்துதான் கிடந்தது.

அடுப்படி வாசலில் போய் நின்றேன். தங்கலட்சுமி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெங்காயம் அரிந்தபடி பாடிக்கொண்டிருந்தாள். மெதுவாக, எங்கும் பிசகாமல். செல்வலட்சுமி இழுப்பது போலவே இழுத்தாள். இல்லை, செல்வலட்சுமிதான் இவளைப் போல இழுக்கிறாள். எங்கள் வழியில் வந்த குரல் என்று நான் பீற்றிக்கொண்டது இதைத்தான். இத்தனை வருஷம் முனங்காதே என்று நான் கத்தியதும் இதைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூக்கை உறிஞ்சியிருப்பேன் போல. அவள் சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். வழக்கம்போல வாயை அகலமாக அசைத்து, "என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம். நீ அங்கிட்டே திரும்பிப் பாடு" என்றேன்.