பாறை மேல் நின்று அனுப்பிய படம்

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஐயா ஒரு செயலி தொடங்கினார். குறையைப் படம் எடுத்துப் போட்டால் நேராகத் தன் கைக்கே வந்துவிடும் என்று மேடையில் சொன்னார். வந்து சேர்ந்ததோ என் மேஜைக்கு. மலையில் அவருடைய அலுவலகத்தில் நான்தான் கம்ப்யூட்டர் ஆள். ஏழு நாளில் முடிக்காத புகார் சிவப்பாகிவிடும். சிவப்பு கூடினால் ஐயாவுக்குக் கோபம் வரும், எனக்கு வேலை போகும். எல்லாவற்றையும் பச்சையாக்குவதுதான் என் பிழைப்பு.

அந்த ஆடி மழையில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் படம் போட்டாள். வீட்டுக்குப் பின்னால், மேல் ரோட்டைத் தாங்கும் தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நின்றது. போனிலும் கூப்பிட்டாள்.

"ஏனுங்க சார், செவுரு ஊட்டுப் பக்கமா சாயுதுங்க. எங்க ஊட்டுக்காரரு இடுப்பு ஒடைஞ்சு படுக்கையில கெடக்காருங்க. எந்திரிச்சு ஓடக்கூட முடியாதுங்க."

படத்தை அனுப்பும் இடமும் செயலியில் பதிவாகும். அதைப் பார்த்துக்கொண்டு இன்ஜினியர் போனார். தேயிலைக் காட்டின் உச்சியில் ஒரு மொட்டைப் பாறை இருந்தது. சுவரும் இல்லை, வீடும் இல்லை. 'பொய்ப் புகார், முடித்துவிடவும்' என்று எழுதி அனுப்பினார்.

நான் லைன் வீட்டில் பிறந்தவன். லைனில் சிக்னல் கிடைக்காது. படத்தைக் கீழே எடுத்து, பாறை மேல் ஏறி நின்றுதான் அனுப்ப வேண்டும். இந்த வேலைக்கு நானே அப்படி ஏறித்தான் விண்ணப்பித்தேன். இன்ஜினியர் குறிப்பைப் படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அன்று ஏழாவது நாள். மறுநாள் ஊட்டியில் கூட்டம், அதில் ஒரு சிவப்புகூட இல்லை என்று ஐயா காட்ட வேண்டும். பச்சையை அழுத்தினேன். இன்ஜினியரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக இப்போது எழுதினால் அது பொய். டீ குடிக்கப் போனேன், மறந்துவிட்டேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள் சுவர் விழுந்தது. அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். கணவன் கட்டிலோடு மண்ணுக்குள் போனான். உடலுக்கு ஐயா மாலை போட்ட படத்தைச் செயலியில் ஏற்றியவனும் நான்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் அலுவலகத்துக்கு வந்தாள். ஜெர்கின் நனைந்திருந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். அவள் போனை நீட்டினாள். 'உங்கள் குறை தீர்ந்தது, எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்ற கேள்வி தினமும் வருகிறதாம், நிறுத்தித் தர வேண்டுமாம்.

"பாறை மேல நின்னு அனுப்புனதுதான் தப்புன்னு இன்ஜினியர் சொன்னாருங்க. ஊட்டுலயிருந்து அனுப்பியிருந்தா அவரு பொழைச்சிருப்பாருங்களா சார்?"

தப்பு உன்னுடையதில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ஐயாவின் அறைக் கதவு திறந்திருந்தது.

"ஆமாங்க," என்றேன். "இனிமே பாத்து அனுப்புங்க."

பதில் போட்டால்தான் அந்தக் கேள்வி நிற்கும். போனை வாங்கி ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திக் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றிங்க சார்," என்றாள்.