மெயினை அணை என்று சொல்லாத வாய்

சபையாரே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முதலில் என் தப்பைச் சொல்லியாக வேண்டும்.

போன ஆடி மாசம். தி.நகரில் ஒரு துணிக்கடையில் கரன்ட் பேனல் போர்டு சூடாகிறது என்று கூப்பிட்டார்கள். நானும் எங்கள் வயர்மேன் சேகரும் போனோம். தள்ளுபடிக் கூட்டம். "மெயினை மட்டும் அணைச்சிடாதீங்கம்மா, வியாபாரம் போயிடும்" என்றார் மேனேஜர். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை எனக்கு. மெயின் சுவிட்சை அணைக்காமல் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "பார்த்துப் பண்ணு சேகர்" என்றேன். அவன் ஸ்பேனர் நழுவி, கரன்ட் இருந்த கம்பிகளின் மேல் விழுந்தது. பெரிய சத்தம். அவன் இரண்டு கையும் வெந்துபோனது.

அடுத்த மாசம் எனக்கு சூப்பர்வைசர் லைசென்ஸ் தேர்வு. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியாது, அவன் கைதான் தெரியும். ஆஸ்பத்திரி வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பிவிட்டேன். எனக்கெல்லாம் எதற்கு லைசென்ஸ்? ஹால் டிக்கெட்டைக் கிழித்துவிடலாம் என்றிருந்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நீங்கள் எல்லாம் போன பிறகு, கடைசி வரிசையில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, பாஸ் பண்ண வையும்னு கேக்கல. அவன் கையைக் காப்பாத்தும். அவன் முகத்தைப் பாக்க தைரியம் கொடும்." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அங்கிருந்து நேராக வார்டுக்குப் போனேன்.

"இன்னாக்கா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றான் சேகர்.

"தப்பு என்னோடதுடா."

"ஆமா, உன்னுதுதான்." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். "கை பொழைச்சிக்கிச்சுன்னு காலைல டாக்டர் சொல்ட்டாருக்கா. உனுக்கு பரீட்சை கீதுல்ல? படி. பாஸ் பண்ணு. அப்பால எவன் சொன்னாலும், கரன்ட்டு இருக்கசொல்ல ஒருத்தனையும் கைய வெக்க வுடாத."

அவன் மன்னிக்க வேண்டும் என்று நான் ஜெபத்தில் கேட்கவே இல்லை. கேட்காததையும் கர்த்தர் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து அவன் கட்டில் ஓரமாக உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். புரியாததை அவன் கேட்பான். பதில் தெரியாவிட்டால் திரும்பவும் படிப்பேன். தேர்வில் தேறினேன். சேகரும் வேலைக்கு வந்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. அதற்காகத் தினமும் ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள்.

போன வாரம் கொட்டிவாக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் மெயினை அணைக்கக் கூடாது என்றார். அப்படியென்றால் வேலை செய்ய மாட்டோம் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

செய்த தப்பை நினைத்து ஜெபிக்கக்கூட வாய் வராமல் இங்கே யாராவது உட்கார்ந்திருக்கலாம். அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்து, யாரைப் பார்க்கப் பயப்படுகிறீர்களோ அவரிடம் போங்கள். உங்களுக்கு முன்னாலேயே ஆண்டவர் அங்கே போயிருப்பார். என் விஷயத்தில் போயிருந்தார்.