மாமாவைத் தெரியாத மாதிரி

எட்டு வயதில் என் மாமாவின் உயிருக்கு உலை வைக்க இருந்தேன். வேண்டுமென்று இல்லை. அவர் சொன்னபடி அப்படியே நடந்துகொண்டதுதான் நான் செய்த ஒரே தப்பு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. புதிதாக ஒரு கேமரா வாங்கி, தெருவில் போகிற வருகிறவர்களைப் படமெடுப்பது எப்படி என்று யூடியூபில் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஆனால் போதும், ஆடுகோடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருடைய பரிசோதனைக்கு வசமாகச் சிக்கியவள் நான்.

“கேமராவப் பாத்ததும் எல்லாரும் ஆதார் கார்டு மூஞ்சி ஆயிடுறாங்க பாப்பா” என்று அலுத்துக்கொள்வார். அதனால் எனக்கு ஒரு விதி போட்டார். நான் முன்னால் நடக்க வேண்டும்; அவர் எங்காவது மறைந்து நின்று எடுப்பார். கேமரா அவர் கையில் இருக்கும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, மாமா என்று கூப்பிடவே கூடாது. “யாராச்சும் கேட்டாக்கூட என்னத் தெரியாத மாதிரியே இரு.” ஒழுங்காக நடந்துகொண்டால் பேக்கரியில் வெங்காயமும் மிளகாயும் போட்ட காரா பன் உண்டு. ஒருமுறை “பாப்பா, பல்லி!” என்று பின்னாலிருந்து கத்திச் சோதித்தார். பாழாய்ப்போனவள் திரும்பிவிட்டேன். அன்றைக்குக் காரா பன் கிடைக்கவில்லை.

அந்த வாரம் எல்லோருடைய போனிலும் ஒரே சேதி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்களாம். எங்கோ ஒருவனைக் கட்டிவைத்து அடிக்கிற வீடியோவைப் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் காட்டினாள். அம்மா என் கண்ணைப் பொத்துவதற்குள் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டேன். இரண்டு நாள் தனியாகப் பாத்ரூம் போகவும் பயம். பிள்ளை பிடிக்கிறவனை நினைத்துப் பயந்தேனா, அடித்தவர்களை நினைத்துப் பயந்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மாமாவுக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வெல்டிங் பட்டறைகள் இருக்கிற தெருவுக்கு என்னைக் கூட்டிப்போனார். சிவப்பு கவுனில் நான் ஒரு நீல ஷட்டரைத் தாண்டிப் போக வேண்டும், அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பட்டறையில் பொறி பறக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்ற டெம்போவுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். நடந்தேன். பொறி பறக்கவில்லை. திரும்ப நடந்தேன். மூன்றாவது முறை ஒரு கை என் தோளைப் பிடித்தது.

தெருமுனையில் பூ விற்கிற அம்மா. “யார்கூட வந்தே கண்ணு?” நான் பேசவில்லை. பட்டறையிலிருந்து வெல்டிங்காரர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். டெம்போவைக் காட்டி, அங்கே ஒளிந்திருக்கும் ஆளைத் தெரியுமா என்று கன்னடத்தில் கேட்டார். மாமாவின் கையில் கேமரா இருந்தது. விதி விதிதான்.

“கொத்தில்ல!” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. தெரியாது என்று அர்த்தம். மாமாவுக்குத் தெரிந்த ஒரே கன்னட வார்த்தை அதுதான்.

அவர் எழுந்து நிற்பதற்குள் நாலைந்து பேர் காலரைப் பிடித்துவிட்டார்கள். “மக்கள கள்ள!” என்று யாரோ கத்த, பிள்ளை திருடனைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. ஓர் அறை விழுந்தது. மாமாவின் மூக்குக்கண்ணாடி எகிறிச் சாக்கடையோரம் போய் விழுந்தது.

“அண்ணா, என் அக்கா பொண்ணுண்ணா! பாப்பா, சொல்லு பாப்பா, நான் யாருன்னு சொல்லு!”

இதுவும் பல்லி மாதிரி சோதனையா? கேமரா அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டுதானே இருக்கிறது? இப்போது மாமா என்று சொன்னால், முதலில் பொய் சொன்னதற்கு என்னையும் அடிப்பார்களோ? அழுகைதான் வந்தது. நான் அழுததைப் பார்த்து மாமாவுக்கு இன்னோர் அறை விழுந்தது.

வெல்டிங்காரர் கேமராவைப் பிடுங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். படத்துக்குப் படம் நான்தான். சிவப்பு கவுனில், பள்ளிக்கூட யூனிஃபார்மில், மழைக்கோட்டில். ஒன்றில்கூட முகம் இல்லை, எல்லாம் முதுகு. அவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தேன். “ஐயோ, எத்தன நாளா இந்தக் கொழந்த பின்னாலயே வந்திருக்கான் பாருங்கய்யா!” என்று பூக்காரம்மா அலறினார். பட்டறைக்குள்ளிருந்து ஒருவன் இரும்புக் கம்பியோடு வந்தான்.

கம்பியைப் பார்த்ததும் மாமாவின் முகம் மாறியது. வீடியோவில் பார்த்த அந்த ஆளின் முகமேதான். கேமரா இப்போது மாமாவிடம் இல்லை. அப்படியென்றால் விதி முடிந்துவிட்டதா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அவரையே கேட்டேன்.

“மாமா, இப்ப சொல்லலாமா?”

கூட்டம் அப்படியே நின்றது. கம்பி பிடித்த கை மெல்ல இறங்கியது. பூக்காரம்மா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு தன் பங்குக்கு மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். “கொழந்தைக்குச் சொல்லிக் குடுக்கிற விஷயமாய்யா இது? உன் உசுரு போயிருக்குமே, பாவி!” சொல்லிவிட்டு அவரே அழுதார். வெல்டிங்காரர் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். யாரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்தார்கள்.

திரும்பும்போது மாமா பேக்கரிப் பக்கம் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்துவிட்டேன் அல்லவா, காரா பன் கிடையாது என்று புரிந்துகொண்டேன். எப்போதும் பத்தடி தள்ளி வருகிறவர் அன்றைக்கு என் கையைப் பிடித்திருந்தார், விரல் நோகிற அளவுக்கு. எதிரே யார் வந்தாலும் என்னைத் தனக்கு முன்னால் இழுத்துக்கொண்டு, கேட்காதவர்களிடம்கூட “என் அக்கா பொண்ணு” என்று சொன்னார். மெயின் ரோட்டைத் தாண்டிய பிறகும் விடவில்லை, எங்கள் தெரு வந்த பிறகும் விடவில்லை. நான் தொலைந்துவிடுவேனோ என்று பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டு, “எனக்கு வழி தெரியும் மாமா, கைய விடுங்க” என்றேன்.